ஒரு வரித் திருத்தத்துக்குப் பின்னால்: திறமூலத் திட்டங்களின் வழியே அடித்தள நிரலாக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் மெய்நிகர் வலைப்பின்னல் இணைப்புகளைக் கையாளும் 'டன்' என்ற டிரைவரில் 2009ஆம் ஆண்டு ஒரு பிழை வெளிவந்தது. அதில் தொடர்புடைய வரிகள் இரண்டே. முதல் வரி ஒரு பாயிண்டர், அதாவது நினைவக முகவரியைக் கொண்ட மாறி, சுட்டும் இடத்துக்குள் சென்று, அங்கிருக்கும் சாக்கெட்டின் (வலைப்பின்னல் இணைப்பு முனையின்) முகவரியை எடுத்து ஒரு மாறியில் வைக்கிறது. அதற்கடுத்த வரி, அதே பாயிண்டர் எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டராக இருந்தால் பிழைக்குறியுடன் திரும்பிவிடச் சொல்கிறது. மேலோட்டமாகப் படிப்பவருக்கு வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கிறது, ஆனாலும் சோதனை இருக்கிறதே என்றுதான் தோன்றும். மூலநிரலை இயந்திர நிரலாக மாற்றும் ஜிசிசி கம்பைலர் அப்படிப் படிக்கவில்லை. வெற்றுப் பாயிண்டரின் வழியே நினைவகத்தைத் தொடுவது சி மொழியில் வரையறுக்கப்படாத செயல், அது நிகழவே நிகழாது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம்; முதல் வரியிலேயே தொட்டாகிவிட்டது; எனவே அது வெற்றுப் பாயிண்டராக இருக்க முடியாது; எனவே அடுத்த வரியின் சோதனை வீண். இப்படி முடிவுகட்டி, கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. மூலநிரலில் கண்ணுக்குத் தெரிந்த பாதுகாப்பு, இயந்திர நிரலில் இல்லாமல் போயிற்று. நினைவகத்தின் பூஜ்ய முகவரியில் தனக்கு வேண்டியதை வைக்க முடிந்த ஒருவர், அந்த ஓட்டையின் வழியே கர்னலின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றிவிடலாம் என்பது செய்தே காட்டப்பட்டது.

திருத்தம் சிறியது. சோதனையை முன்னால் வைத்துவிட்டுப் பாயிண்டரைப் பிறகு தொட வேண்டும், அவ்வளவுதான். அத்தோடு, வெற்றுப் பாயிண்டர் சோதனைகளை நீக்கக் கூடாது என்று கம்பைலருக்குச் சொல்லும் குறி ஒன்றும் கர்னலின் கட்டுமான விதிகளில் சேர்க்கப்பட்டது. இரண்டையும் தட்டச்சு செய்ய ஒரு நிமிடம் போதும். அவை ஏன் தேவை என்று விளங்க வேண்டுமானால், சி மொழியின் வரையறை, கம்பைலர் நிரலைச் செம்மையாக்கும் முறை, கர்னலின் நினைவக அமைப்பு, செயலி (சிபியு) முகவரிகளைப் பக்கங்களாகப் பிரித்துக் காக்கும் விதம் ஆகிய நான்கும் ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டும். வன்பொருளை ஒட்டி எழுதப்படும் அடித்தள நிரலாக்கம் என்பது இந்த நான்கும் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் வேலை செய்வது. பாடநூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாகத்தான் சொல்ல முடியும். உரசலைப் பார்க்க வேண்டுமானால், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்க, பலர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் ஒரு திறமூலத் திட்டத்தின் உள்ளே போய், ஒரு வரியையாவது பொறுப்பேற்று மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இத்துறையின் பிழைகள் சத்தமில்லாதவை என்பதே அதற்கு முதற்காரணம். பைத்தான் போன்ற மொழிகளில் பட்டியலின் எல்லைக்கு வெளியே ஓர் உறுப்பைக் கேட்டால், நிரல் உடனே நின்று எந்த வரியில் தவறு என்று சொல்லிவிடும். சி மொழியில் எழுதிய நிரல், பக்கத்து நினைவகத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைத் தொடரும். இணைய இணைப்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' குறைபாடு இதற்கு எல்லோரும் அறிந்த சான்று. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு முனை சிறிய தரவையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மறுமுனை அதே தரவைத் திருப்பி அனுப்பும். சொல்லப்பட்ட நீளமும் உண்மையில் வந்த நீளமும் ஒன்றுதானா என்று ஓப்பன்எஸ்எஸ்எல் பார்க்கவில்லை. ஒரு பைட்டை அனுப்பிவிட்டு நீளம் 64 ஆயிரம் என்று சொன்னால், அந்த ஒரு பைட்டுக்குப் பக்கத்தில் இருந்த கடவுச்சொல்லோ மறைகுறிச் சாவியோ எதுவானாலும் சேர்ந்து வெளியே போயிற்று. 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலிருந்து ஈராண்டுக் காலம் அந்த நிரல் உலகெங்கும் ஓடியது. எந்தச் சோதனையிலும் அது தடுமாறவில்லை. எழுதப்பட்ட வரிகளில் பிழை இல்லை, எழுதப்படாமல் விடுபட்ட ஒரு சோதனையில்தான் பிழை இருந்தது. இல்லாததைக் காணும் அந்தக் கண் பயிற்சிக் கணக்குகளால் வருவதில்லை. ஏனெனில் பயிற்சிக் கணக்கைக் கொடுப்பவர் தேவையான நிபந்தனைகள் எல்லாவற்றையும் தாமே எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

தாமே ஒரு சிறிய இயங்குதளத்தையோ நினைவக ஒதுக்கியையோ எழுதிப் பார்ப்பது பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. எம்ஐடியில் 2006 முதல் பாடத்துக்காகப் பராமரிக்கப்படும் 'எக்ஸ்வி6', பழைய யூனிக்ஸின் ஆறாம் பதிப்பைப் பின்பற்றி எழுதப்பட்ட சிறிய இயங்குதளம். ஒருவர் சில வாரங்களில் முழுவதையும் படித்து மனத்தில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது சுருக்கமானது. கர்னல் என்றால் என்ன என்றே தெரியாதவர் லினக்ஸின் கோடிக்கணக்கான வரிகளுக்குள் நேராக இறங்குவதைவிட, முதலில் அங்கே ஒரு சிஸ்டம் காலை (நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பை) சேர்த்துப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஆனால் அப்படிப்பட்ட நிரலுக்குப் பயனர்கள் இல்லை. பழுதான வட்டு இல்லை, பழைய கம்பைலர் இல்லை, பத்தாண்டுக்கு முன்பு கொடுத்த வாக்குறுதியை இன்றும் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய திட்டங்களில் நம் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும் நிபந்தனைகளில் பெரும்பாலானவை, எங்கோ எப்போதோ யாருக்கோ நேர்ந்த ஒன்றின் தழும்புகள். மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் பிளேம் கட்டளையால் அந்த வரி எந்தக் கமிட்டில், அதாவது பதிவான எந்த மாற்றத்தில், வந்தது என்று கண்டுபிடித்து, அந்தக் கமிட்டின் குறிப்பைப் படித்து, அதற்கு முன் நடந்த விவாதத்தையும் தேடிப் படித்தால், ஒரு வரியிலிருந்து ஒரு முழு அத்தியாயம் விரியும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் எஃப்சிங்க் என்ற சிஸ்டம் காலும் சம்பந்தப்பட்ட 2018ஆம் ஆண்டு நிகழ்வு அப்படி ஓர் அத்தியாயம். ஒரு நிரல் ஃபைலில் எழுதுவது உடனே வட்டுக்குப் போய்விடுவதில்லை; கர்னல் அதைத் தன் நினைவகப் பக்கங்களில் வைத்திருந்து, பிறகு வசதிப்படி எழுதுகிறது. இப்போதே வட்டில் சேர்த்துவிட்டு வந்து சொல் என்று கேட்பதற்குத்தான் எஃப்சிங்க். அது தோல்வி என்று சொன்னால் என்ன செய்வது? சற்றுப் பொறுத்து மறுபடி கேட்பது. இரண்டாம் முறை வெற்றி என்றால் எல்லாம் வட்டில் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது. போஸ்ட்கிரெஸ் ஏறக்குறைய 20 ஆண்டுகள் இப்படித்தான் நம்பியிருந்தது. லினக்ஸின் நடைமுறையோ வேறு. எழுத முடியாமல் போன பக்கத்தைப் பற்றிப் பிழை சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தை இனி எழுத வேண்டியதில்லை என்ற நிலைக்கு அது மாற்றிவிடும். எனவே அடுத்த எஃப்சிங்க் செய்வதற்கு ஒன்றுமின்றி வெற்றியோடு திரும்பும். தரவு வட்டில் இருக்காது, தரவுத்தளமோ இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்.

கர்னலைக் குறை சொல்லத் தோன்றுகிறது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே யாரோ யூஎஸ்பி வட்டைப் பிடுங்கிவிட்டால், இனி ஒருபோதும் எழுத முடியாத அந்தப் பக்கங்களை என்றென்றைக்கும் வைத்துக்கொண்டே இருந்தால் நினைவகம் நிரம்பிவிடாதா என்று கர்னல் எழுதுபவர்கள் கேட்டார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. முடிவில் போஸ்ட்கிரெஸ் தன் போக்கை மாற்றிக்கொண்டது: எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே சர்வரை நிறுத்திவிட்டு, முன்கூட்டி எழுதிவைத்த பதிவேட்டிலிருந்து மீண்டு வர வேண்டும். இந்தத் திருத்தம் 2019 தொடக்கத்தில் வந்த பதிப்புகளில் சேர்ந்தது. எஃப்சிங்க் பற்றிய கையேட்டுப் பக்கத்தை நூறு முறை படித்தாலும் கிடைக்காத அறிவு இந்த ஒரு விவாதத்தைப் பொறுமையாகப் படிப்பவருக்குக் கிடைக்கும். கீழே உள்ள அடுக்கு என்ன உறுதி தருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதும், அது உண்மையில் தரும் உறுதியும் வேறு வேறு என்பதே அந்த அறிவு.

ஆகவே பங்களிப்பின் பெரும்பகுதி வாசிப்புதான். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. வந்த முதல் வாரமே ஏதாவது எழுதி அனுப்பிவிட வேண்டும் என்ற துடிப்பு இயல்பானது. ஆனால் நன்றாக எழுதப்பட்ட ஒரு ஃபைலை நோண்டிப் பார்ப்பது எவ்வளவு கற்றுத்தரும் என்பதற்கு ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் சரங்களை (எழுத்துத் தொடர்களை) சொல்வேன். எஸ்டிஎஸ் என்று அழைக்கப்படும் அந்தச் சர வகையின் நிரலைத் திறந்தால், சில வரிகளிலேயே எஸ் என்ற சரத்தின் மைனஸ் ஒன்றாவது உறுப்பை எடுக்கும் ஒரு வரி எதிர்ப்படும். கல்லூரிப் பாடத்தில் சி படித்தவருக்கு இது பட்டவர்த்தனமான தவறு. இங்கே அதுவே வடிவமைப்பு. சரத்தின் நீளம், அதற்கு ஒதுக்கிய இடம், அது எந்த வகை என்ற குறி ஆகியவை எழுத்துகளுக்கு முன்னால் ஒரு தலைப்பகுதியாக வைக்கப்படுகின்றன. ஆனால் வெளியே கொடுக்கப்படும் பாயிண்டர் தலைப்பகுதியைச் சுட்டாமல் முதல் எழுத்தையே சுட்டுகிறது. அதனால் வழக்கமான சி சரத்தை எதிர்பார்க்கும் எந்தச் செயற்கூறுக்கும் இதை அப்படியே கொடுக்கலாம். நீளம் வேண்டும்போது மட்டும் ஒரு பைட் பின்னால் போய் வகைக்குறியைப் பார்த்து, அதைக்கொண்டு தலைப்பகுதியின் அளவை அறிந்து, அதற்கும் பின்னால் போகலாம். பழைய வடிவத்தில் எல்லாச் சரங்களுக்கும் 8 பைட் தலைப்பகுதி இருந்தது. இப்போதைய வடிவத்தில் 40 எழுத்துள்ள சரத்துக்கு 3 பைட் போதும். கோடிக்கணக்கான சிறு சரங்களை நினைவகத்திலேயே வைத்திருக்கும் ஒரு மென்பொருளுக்கு இது பெரிய மிச்சம்.

அந்தத் தலைப்பகுதியின் ஸ்ட்ரக்ட் (பல உறுப்புகளை ஒன்றாக அடுக்கும் அமைப்பு) வரையறையில் 'பேக்டு' என்ற ஒரு சொல் இருக்கிறது. உறுப்புகளுக்கு நடுவிலும் இறுதியிலும் வெற்றிடம் விடாதே என்று கம்பைலருக்கு இடும் கட்டளை அது. அதை நீக்கிவிட்டுக் கட்டினால் என்ன ஆகும் என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்பது மிகச் சிறந்த பயிற்சி. நடுத்தர நீளச் சரங்களுக்கான தலைப்பகுதியில் 2 பைட் நீளம், 2 பைட் ஒதுக்கீடு, 1 பைட் குறி, ஆக 5 பைட் இருக்கின்றன. 2 பைட் எண்கள் இரட்டைப்படை முகவரியில்தான் தொடங்க வேண்டும் என்பதால், கம்பைலர் அதன் மொத்த அளவை 6 ஆக்கிவிடும். தலைப்பகுதியின் அளவைக் கூட்டித்தான் எழுத்துகள் தொடங்கும் இடம் கணக்கிடப்படுகிறது. அப்போது மைனஸ் ஒன்றாவது பைட், ஸ்ட்ரக்டில் குறிக்கென்று வரையறுத்த உறுப்பாக இருக்காது, கம்பைலர் விட்ட வெற்றிடமாகத்தான் இருக்கும். நீளத்தை 8 பிட்டில் குறிக்கும் சின்னச் சரங்களுக்கோ 3 பைட் எப்போதும் 3 பைட்தான். அவை ஒழுங்காகவே இயங்கும். சிறிய சரங்களை மட்டும் வைத்துச் சோதித்தவர், எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். நினைவக ஒழுங்கமைப்பு பற்றி இந்த ஓர் எடுத்துக்காட்டு கற்றுத்தருவதை நான் எந்த வரையறையிலும் படித்ததில்லை.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, புதியவர்களுக்கு ஏற்றது என்று குறியிடப்பட்ட வேலைகளைத் தேடுங்கள் என்பது. தவறான விடை அன்று. ஆனால் அப்படிப்பட்ட வேலை ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே பலர் காத்திருப்பார்கள், அவற்றில் பல அடித்தளத்தைத் தொடவே தொடாது. எழுத்துப்பிழைகளைத் திருத்தும் பேட்ச், அதாவது நிரல் மாற்றத் துண்டு, அனுப்பலாம். கர்னலில் இன்னும் தரம் எட்டாத நிரல் இருக்கும் ஸ்டேஜிங் பகுதியில் நிரல்நடையைச் சீர்செய்வதும் அப்படியே. பேட்ச் அனுப்பும் முறையைக் கற்க அது உதவும். ஒன்றிரண்டோடு அதை நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பத்தாவது எழுத்துப்பிழைத் திருத்தம் முதலாவது கற்றுத்தராத எதையும் கற்றுத்தரப் போவதில்லை.

என் பரிந்துரை வேறு. ஏற்கெனவே யாரோ தெரிவித்திருக்கும் பிழை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை உங்கள் கணினியில் மறுபடி நிகழ்த்திக் காட்டுங்கள். பல பிழை அறிக்கைகள் கிடப்பில் கிடப்பதற்குக் காரணம், எந்தச் சூழலில் அது நிகழ்கிறது என்பது தெளிவாக இல்லாததே. இந்தப் பதிப்பு, இந்தக் கட்டளைகள், இத்தனை முறைக்கு ஒருமுறை நிகழ்கிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தாலே பராமரிப்பாளருக்குப் பாதி வேலை முடிந்தது. அடுத்த படி, அது எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று கண்டுபிடிப்பது. கிட் பைசெக்ட் கட்டளை, நல்லதென்று தெரிந்த பதிப்புக்கும் கெட்டதென்று தெரிந்த பதிப்புக்கும் நடுவே பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போகும். 10,000 கமிட்கள் இருந்தாலும் 13 அல்லது 14 முறை கட்டிச் சோதித்தால் குற்றவாளி கையில் இருக்கும். அந்தக் கமிட்டைக் கண்டதும், முழுத் திட்டத்தையும் புரிந்துகொள்ள வேண்டிய சுமை இறங்கி, ஒரே ஒரு மாற்றத்தைப் புரிந்துகொண்டால் போதும் என்ற நிலை வந்துவிடுகிறது. புதியவரால் ஏறக்கூடிய உயரம் அதுதான். கர்னலைத் தானியங்கியாகத் துருவிப் பிழை தேடும் சிஸ்பாட் வெளியிடும் அறிக்கைகளில் பலவற்றோடு, பிழையை நிகழ்த்திக் காட்டும் சிறு நிரலும் சேர்ந்தே வருகிறது; கியூஎம்யூ போன்ற மெய்நிகர் கணினியில் அதை ஓட்டிப் பார்க்கலாம், சொந்தக் கணினிக்கு ஒரு கேடும் வராது.

இனி, அனுப்பிய பேட்சை மற்றவர்கள் படித்துச் சரிபார்க்கும் மறுஆய்வு. திறமூலத்தில் கற்பதற்கும் தனியே கற்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு டிரைவரில், பல செயலிகள் ஒரே நேரத்தில் தொடக்கூடிய பட்டியல் ஒன்றில் புதிய உறுப்பைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேரத்தில் ஒருவரே தொடும்படி, புதியவர் ஸ்பின்லாக் என்ற பூட்டைப் போடுகிறார், உள்ளே கேமேலாக் செயற்கூறைக் கூப்பிட்டு, வழக்கமான ஜிஎஃப்பி கர்னல் என்ற குறியோடு நினைவகம் கேட்கிறார், உறுப்பைச் சேர்க்கிறார், பூட்டைத் திறக்கிறார். ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் சரியாகவே வேலை செய்கிறது. பேட்ச் போகிறது. மறுநாளே ஒரு வரியில் பதில் வருகிறது: பூட்டு கையில் இருக்கும்போது உறங்கலாமா?

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகலாம். ஜிஎஃப்பி கர்னல் என்று கேட்டால், நினைவகம் தீர்ந்திருக்கும் வேளையில் கர்னல் இந்தச் செயலை நிறுத்திவைத்துவிட்டு, வேறு பக்கங்களை வட்டுக்கு எழுதி இடம் உண்டாக்கக்கூடும். அதாவது கேட்டவர் உறங்கப் போகலாம். ஸ்பின்லாக்குக்காகக் காத்திருப்பவரோ உறங்குவதில்லை. பூட்டு கிடைக்கும்வரை செயலியைப் பிடித்துக்கொண்டு சுழன்றுகொண்டே இருப்பார். பூட்டை வைத்திருப்பவர் உறங்கிவிட்டால், சுழல்பவரால் வேறு வேலையும் நடக்காது, உறங்கியவருக்குச் செயலி திரும்பக் கிடைக்காமலும் போகலாம். கணினி உறைந்து நிற்கும். சோதித்தவரின் கணினியில் நினைவகம் தாராளமாக இருந்ததால், உறங்க வேண்டிய தருணமே வரவில்லை. உறங்கக் கூடாத இடத்தில் உறங்க வாய்ப்புள்ள செயற்கூறு அழைக்கப்படுவதைக் கண்டுபிடிக்கவே கர்னலில் ஒரு சோதனை அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவைத்துக் கட்டியிருந்தால், உண்மையில் உறங்காவிட்டாலும் முதல் ஓட்டத்திலேயே எச்சரிக்கை வந்திருக்கும். இது இரண்டாவது பாடம்.

புதியவர் உடனே குறியை ஜிஎஃப்பி அடாமிக் என்று மாற்றி, இரண்டாம் பதிப்பை அனுப்புவார். அது உறங்காமல் நினைவகம் தரும் குறி. மறுபடியும் பதில் வரும்: அது அவசரத்துக்கென்று ஒதுக்கிவைத்த நினைவகத்திலிருந்து எடுப்பது, எளிதில் தோற்கக்கூடியது, வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும் இன்டரப்டைக் கையாளும் இடம்போல வேறு வழியே இல்லாத இடங்களுக்கானது, இங்கே பூட்டுப் போடுவதற்கு முன்பே நினைவகத்தை வாங்கிவைத்துக்கொள்ளலாமே? மூன்றாம் பதிப்பில் ஒதுக்கீடு பூட்டுக்கு வெளியே போகிறது. இப்போது வேறொரு கேள்வி எழும். பூட்டைப் போட்டபின் பார்த்தால் அந்த உறுப்பு ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது, அப்போது முன்கூட்டி வாங்கிய நினைவகத்தை யார் விடுவிப்பது? நான்காம் பதிப்பில் பிழைப் பாதை எழுதப்படுகிறது. வாங்கிய வரிசைக்கு எதிர்வரிசையில் ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு இறங்கும், வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கோட்டூ வரிகளோடு, கர்னலில் எங்கும் காணும் அந்த வடிவத்தில். கோட்டூ பயன்படுத்தவே கூடாது என்று எங்கோ படித்திருந்தவருக்கு, இங்கே ஏன் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கும் விடை கிடைத்துவிடுகிறது. ஏழெட்டு வரி நிரலுக்கு நான்கு பதிப்பு. இதில் எந்தக் கேள்வியையும் கற்பவர் தாமே கேட்டிருக்க முடியாது. அடுத்த பேட்ச் எழுதும்போது நான்கையும் அவரே கேட்டுக்கொள்வார்.

பதில் சில வேளை கடுமையாகவும் சில வேளை ஒற்றைச் சொல்லிலும் வரும். பதிலே வராமல் இரண்டு வாரம் போவதும் உண்டு. அப்போது பணிவாக ஒருமுறை நினைவூட்டுவது தவறல்ல. கர்னல் ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒரு பதிப்பு வீதம் வெளியிடுகிறது. அதில் முதல் இரண்டு வாரங்களில் மட்டுமே, முன்பே மறுஆய்வு முடிந்த புதியவை சேர்க்கப்படும், மிச்ச நாட்கள் பிழைதிருத்தத்துக்கு. அந்த இரண்டு வாரங்களின் நடுவே புது வசதியோடு போய் நிற்பவருக்கு யாரும் முகம் கொடுக்க முடியாததில் வியப்பில்லை. திட்டத்தின் தாளகதி தெரியாமல், தன்னை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு விலகிப் போனவர்கள் இருக்கிறார்கள். வருத்தமான விஷயம் அது.

கமிட்டின் குறிப்பை எழுதுவதையும் நிரல் எழுதுவதற்கு இணையாக மதிக்க வேண்டும். என்ன மாற்றினேன் என்பது நிரலிலேயே தெரியும். முன்பு என்ன நடந்தது, யாருக்கு அதனால் என்ன பாதிப்பு, ஏன் இந்த வழி, வேறு வழிகள் ஏன் கூடாது என்பவை குறிப்பில்தான் இருக்க முடியும். இயந்திரத்திடம் கேட்டு வாங்கிய பேட்சை அப்படியே அனுப்புகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். நிரல் ஓடக்கூடும், ஆனால் மறுஆய்வில் வரும் இரண்டாவது கேள்விக்குச் சொந்த மூளையிலிருந்து விடை வர வேண்டும். கர்னலில் 2004 முதல் ஒவ்வொரு பேட்சின் கீழும் அனுப்புபவர் தம் பெயரில் ஒப்பமிடும் வழக்கம் இருக்கிறது. இதைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்ற உறுதிமொழி அது; சட்டப் பொருளுக்கு அப்பால், இதற்கு நான் பொறுப்பு என்ற பொருளையும் அதில் காண்கிறேன்.

எந்தத் திட்டம் என்பதைத் தேர்வதில் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ஏதாவது ஒன்று போதும், ஏனென்றால் அதன் சரியான நடத்தை எது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதன் வழக்கங்களை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கர்னலும் கிட்டும் மின்மடலில் பேட்ச் கேட்கின்றன. எல்எல்விஎம் கம்பைலர் திட்டம் தன் மறுஆய்வை 2023இல் கிட்ஹப் தளத்துக்கு மாற்றிவிட்டது. எஸ்கியூலைட் தரவுத்தளம் தன் மூலநிரலை முழுதும் பொதுவில் வைத்திருந்தாலும் வெளியார் பேட்சுகளை ஏற்பதில்லை, படித்துக் கற்க மட்டும் அருமையான இடம். ரஸ்ட் மொழி 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து கர்னலுக்குள்ளும் இருக்கிறது; நினைவகப் பிழைகளில் பலவற்றை அதன் கம்பைலரே தடுத்துவிடும் என்றாலும், சி நிரலோடு கைகோக்கும் இடங்களில் மேலே சொன்ன பூட்டும் உறக்கமும் அங்கேயும் தெரிந்திருக்க வேண்டியவைதான்.

பராமரிப்பாளரின் இடத்திலிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் புறவாசல் வைத்திருப்பது வெளிவந்தது. அதை வைத்தவர் ஈராண்டுக்கும் மேலாக ஒழுங்கான பேட்சுகளை அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்தவர். தனியொருவராகச் சுமந்து களைத்திருந்த பராமரிப்பாளர்மீது, வேறு பெயர்களில் வந்த மடல்கள் நெருக்கடி கொடுத்ததன் பிறகே புறவாசல் வைத்தவருக்குப் பொறுப்பு கிடைத்தது. புதியவரின் பேட்சைப் பராமரிப்பாளர்கள் ஏன் இத்தனை துருவிப் பார்க்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்தப் புறவாசலைக் கண்டுபிடித்த விதம் கற்பவர்களுக்கு இன்னும் முக்கியமானது. போஸ்ட்கிரெஸ் நிரலாளரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், வேறு ஏதோ அளவீட்டுக்காகத் தம் கணினியை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் உள்நுழைவு எதிர்பார்த்ததைவிட அரை நொடி கூடுதலாக எடுப்பதையும், செயலியை அதிகம் தின்பதையும் கவனித்தார். சில வாரங்களுக்கு முன் வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவி தந்த புரியாத எச்சரிக்கையும் அவர் நினைவுக்கு வந்தது. அரை நொடியைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். அவர் பெர்ஃப் கருவியை எடுத்து, அந்த நேரம் எங்கே போகிறது என்று பார்த்தார். இன்ன செயல் இவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மனத்தில் பதிந்திருந்ததால்தான் அந்த மிகை அவர் கண்ணில் பட்டது. ஸ்ட்ரேஸ், ஜிடிபி, பெர்ஃப் போன்ற, நிரலின் ஓட்டத்தை ஆராயும் கருவிகளை, பிழை வந்தபோது மட்டும் எடுக்காமல், நன்றாக ஓடும் நிரலின்மீதும் அவ்வப்போது ஓட்டிப் பார்த்துவைத்தால் அந்த எதிர்பார்ப்பு உருவாகும்.

முதல் பேட்ச் சேர்ந்த பிறகு சில மாதங்கள் கழித்து, கர்னலில் பங்களித்தவர்கள் பலருக்கு ஓர் அனுபவம் நேரும். முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு பேட்ச் உங்கள் முகவரிக்கும் நகலாக வந்து சேரும். அதன் அடியில், இந்தக் கமிட்டில் உண்டான பிழையை இது திருத்துகிறது என்று கமிட்டின் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளோடு ஒரு வரி இருக்கும். அந்தக் கமிட் உங்களுடையது. நீங்கள் நான்கு பதிப்பு எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்ட அதே ஏழெட்டு வரிகளில், யாருமே நினைத்துப் பார்க்காத ஒரு வழி இருந்திருக்கிறது. அந்த மடலைத் திறந்து, அவர் எழுதிய குறிப்பை வரிவரியாகப் படித்து, உங்கள் கணினியில் அதை நிகழ்த்திப் பார்த்து, சரிதான் என்று தெரிந்ததும் மறுஆய்வு செய்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதிப் பதில் அனுப்பலாம்.